கப்பலில் கைக்குழந்தைக்கு ஊட்டுவது: கேள்வி பதில்

சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்பும் மூன்று, நான்கு இரவுப் பயணம் பற்றித்தான் பெரும்பாலும் கேட்டிருக்கிறீர்கள். கப்பலில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. உங்கள் கையில் அடுப்பு இருக்காது, அதுதான் சிக்கல்.

பீஷான் அம்மா: அக்கா, பாப்பாவுக்கு அஞ்சு மாசம். கூட்டிட்டுப் போலாமா?

பதில்: பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. நாள்கணக்கில் கரை தொடாத பயணம் என்றால் 12 மாதம் கேட்பார்கள். ஏறும் நாளன்று என்ன வயது என்பதுதான் கணக்கு. தள்ளிப் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை: ஏழு மாசப் பையன், பால் பவுடர்தான். நாலு ராத்திரிக்கு 400 கிராம் டப்பா ஒன்னு போதுமா?

பதில்: 100 மில்லி பாலுக்கு ஏறக்குறைய 13 கிராம் பவுடர் போகும். நாளைக்கு 600 மில்லி குடித்தால் 78 கிராம். நாலு ராத்திரி என்றால் ஐந்து பகல், ஆக 390 கிராம். டப்பாவின் அடி தெரிந்துவிடும். ஒரு புட்டி கவிழ்ந்தாலோ கப்பல் அரை நாள் தாமதித்தாலோ திண்டாட்டம்தான். இரண்டு டப்பா கொண்டுபோங்கள், ஒன்று சீல் உடைக்காமல் இருக்கட்டும். உங்கள் பிராண்டு கப்பல் கடையில் கிடைக்கும் என்று நம்பி ஏறாதீர்கள்.

அளவுக் கரண்டியில் கவனம். சில கம்பெனிக் கரண்டி 30 மில்லி தண்ணீருக்கு ஒன்று, சிலது 60 மில்லிக்கு ஒன்று. டப்பா மாறி கரண்டி விழுந்தால் பால் பாதி நீர்த்துப்போகும், இல்லையேல் இரட்டிப்புக் கெட்டியாகும். கெட்டியான பால் குழந்தையின் உடம்பில் இருக்கும் தண்ணீரை இழுத்துவிடும். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, பிறகு பவுடரைத் தலைதட்டிப் போடுங்கள்.

இன்னொன்று, இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி உங்கள் அறைக்கு வர மாலையாகும், சில நாள் இரவுச் சாப்பாடும் தாண்டும். பால், புட்டி, டயப்பர், மாற்றுத்துணி எல்லாம் 24 மணி நேரத்துக்குக் கைப்பையில் இருக்கட்டும்.

தோபாயோ அப்பா: சின்ன டிராவல் கெட்டில் கொண்டுபோகலாமா?

பதில்: கூடாது. சூடேறும் கம்பி உள்ள எதையும் பெரும்பாலான கப்பல்களில் ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள், இறங்கும்போதுதான் தருவார்கள். தீ பயம். எக்ஸ்டென்ஷன் வயருக்கும் அதே கதிதான். பி அண்ட் ஓ மாதிரி பிரிட்டிஷ் கப்பல்களில் அறையிலேயே கெட்டில் இருக்கும், அது வேறு விஷயம்.

நள்ளிரவுப் பால்: அப்ப வெந்நீருக்கு எங்க போறது?

பதில்: பஃபே தளத்தில் டீ போடும் இடத்தில் வெந்நீர்க் குழாய் இருக்கும். அறைக்கே டீ தண்ணீர் கேட்டாலும் கொடுப்பார்கள், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அழும் குழந்தையை வைத்துக்கொண்டு அதற்குக் காத்திருக்க முடியாது. 500 மில்லி ஸ்டீல் பிளாஸ்க் எடுத்துப்போங்கள். முதலில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்துக் கொட்டுங்கள். பிறகு கழுத்து வரை நிரப்புங்கள். அரைகுறையாக நிரப்பினால் சீக்கிரம் ஆறும். கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு ராத்திரி சோதித்துப் பாருங்கள்: ஆறு மணி நேரம் கழித்து தெர்மாமீட்டர் 70 டிகிரிக்குக் கீழே காட்டினால் வேறு பிளாஸ்க் வாங்குங்கள்.

மருந்துக்கடைக்காரர்: மன்னிக்கணும், 70 டிகிரி ஏன்? பல டப்பாவில் கொதிக்க வெச்சு ஆறின தண்ணினுதான் போட்டிருக்கு. 70ல போட்டா அதுல சேர்த்திருக்கிற நல்ல பாக்டீரியா செத்துடும்.

பதில்: பால் பவுடர் கிருமி நீக்கிய பொருள் அல்ல. க்ரோனோபாக்டர் என்ற கிருமி அபூர்வமாக உள்ளேயே இருக்கும். தண்ணீரை மட்டும் கொதிக்க வைத்து ஆறவிட்டால் தண்ணீர் சுத்தம், பவுடர் சுத்தமில்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007இல் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலக்கச் சொன்னது. நல்ல பாக்டீரியா சாகும் என்பது உண்மை. கெட்டதும் சாகும்.

பூன் லே பாட்டி: நாங்க எல்லாம் வெதுவெதுப்பா கலக்கித்தான் ஆறு பிள்ளைங்கள வளர்த்தோம்.

பதில்: நன்றாக வளர்ந்திருக்கிறார்கள், சந்தோஷம் பாட்டி. அபூர்வமான நோய் என்பதால்தான் ஆறு பேரில் தெரியவில்லை.

மருந்துக்கடைக்காரர்: ஆனா அந்த ஆபத்து குறைமாசக் குழந்தைக்கும் ரெண்டு மாசத்துக்குக் கீழ இருக்கிறதுக்கும்தானே அதிகம்? கப்பல்ல ஏறுறதே ஆறு மாசத்துக்கு மேலதானே?

பதில்: அது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆரோக்கியமான எட்டு மாதக் குழந்தைக்கு டப்பாவில் போட்டபடி செய்தாலும் பெரிய பயமில்லை. குறைமாதத்தில் பிறந்ததோ எதிர்ப்பு சக்தி குறைந்ததோ என்றால் 70தான், அல்லது கலக்கவே தேவையில்லாத ரெடிமேட் திரவப் பால். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டில் கலக்கிய பால் சட்டென்று வாய்க்குப் போகும். கப்பலில் கலக்கிய புட்டியைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு வெயிலில் இரண்டு மணி நேரம் சுற்றுகிறோம். கிருமி பெருகுவது அங்கேதான். சுடுதண்ணீரில் கலக்குகிறீர்களோ ஆறிய நீரிலோ, கலக்கிய பால் வெளியில் இரண்டு மணி நேரம்தான். வாய் வைத்துவிட்டால் ஒரு மணி நேரம். மிச்சத்தைக் கொட்டுங்கள். பிளாஸ்க்கும், அளந்து போட்ட பவுடர் டப்பியும் தனித்தனியாகப் போகட்டும்.

70இல் கலக்கினால் புட்டியைக் குழாயடியில் காட்டிச் சுழற்றி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இத்தோடு இந்த வாதம் போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ராகி ரசிகை: ராகி மாவ பிளாஸ்க் வெந்நீர்ல கரைச்சுக் கூழ் குடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கூழ் அடுப்பில் கொதித்து, பச்சை வாடை போய், கரண்டியில் பளபளப்பாக ஒட்டும் பதம் வந்தால்தான் வெந்தது. வெந்நீர் ஊற்றினால் கெட்டியாகும், வேகாது. சத்துமாவுக்கும் இதே பதில். வெந்நீரில் கரையும் குழந்தை உணவு டப்பா வாங்குங்கள். இல்லையென்றால் அவலை வறுத்து நைசாகப் பொடித்து, வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். அவல் ஏற்கெனவே வெந்த பொருள். ஆனால் வீட்டில் செய்த பொடியைப் பாதுகாப்புச் சோதனையில் பறித்துவிடக்கூடும். கம்பெனி சீல் உள்ளதற்குத்தான் பிரச்சினை வராது.

ஜூரோங் அம்மா: கப்பல் உணவகத்துல குழந்தைக்கு என்ன கேக்கலாம்?

பதில்: முந்தின நாள் இரவே பரிமாறுபவரிடம் சொல்லிவிடுங்கள்: உப்பில்லாமல் வேகவைத்த கேரட், உருளைக்கிழங்கு, பூசணி, மசித்துத் தர வேண்டும் என்று. பல கப்பல்களில் அரைத்தே தருவார்கள். பஃபேயில் வாழைப்பழம், வெறும் சாதம், முட்டை இருக்கும். முட்டையின் மஞ்சள் கெட்டியாக வெந்திருக்க வேண்டும். பஃபே சூப்பும் குழம்பும் வேண்டவே வேண்டாம். ஒரு வயது வரை நாளுக்கு ஒரு கிராம் உப்புகூடத் தாங்காது, ஒரு கிண்ணம் சூப் அதைத் தாண்டிவிடும். தேன் ஒரு வயது வரை தொடவே கூடாது. பசும்பாலும் ஒரு வயதுக்கு முன் தாய்ப்பாலுக்கோ பவுடர் பாலுக்கோ பதிலாகாது.

பம்ப் பண்றவங்க: அறை ஃப்ரிட்ஜ்ல தாய்ப்பால் வெக்கலாமா?

பதில்: பல கப்பல்களில் அது மினிபார்தான், பானம் ஜில்லென்று இருக்க மட்டும். தெர்மாமீட்டரை ஒரு கோப்பை தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க உள்ளே வையுங்கள். 4 டிகிரி காட்டினால் நாலு நாள் வரை வைக்கலாம். பத்து, பன்னிரண்டு காட்டினால் அதை நம்பாதீர்கள். மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ் வேண்டும் என்று பயணத்துக்கு முன்பே எழுதிக் கேட்டால் பல நிறுவனங்கள் ஏற்பாடு செய்யும். உறைந்த ஐஸ் பேக் போட்ட பையில் 24 மணி நேரம், அறை வெப்பத்தில் நாலு மணி நேரம். உறையவைத்து உருக்கிய பாலை மறுபடி உறையவைக்கக் கூடாது.

செங்காங் சித்தி: எலக்ட்ரிக் கெட்டில் அனுமதி உண்டா?

பதில்: மேலே இருக்கிறது.

பாலாடைப் பையன்: புட்டியைக் கழுவ எங்க இடம்? ஸ்டெரிலைசர் கொண்டுபோகலாமா?

பதில்: ஸ்டெரிலைசரும் சூடேறும் சாமான்தான், கேட்காமல் எடுத்துப்போகாதீர்கள். பெயரைப் பார்த்தால் வீட்டில் பாலாடை இருக்கும் போலிருக்கிறது, அதையே கொண்டுபோங்கள். மூலை முடுக்கு இல்லாத ஸ்டீல் சங்கு, இரண்டு நொடியில் சுத்தமாகும். புட்டி என்றால் மடக்கும் சின்னத் தொட்டி, தனிப் பிரஷ், பாத்திரச் சோப்பு. அறை வாஷ்பேசினில் நேராகப் போட்டுக் கழுவாதீர்கள், ஒரு முழம் தள்ளித்தான் கழிப்பறை. குளிர்நீரில் கரைக்கும் கிருமிநீக்கி மாத்திரைக்கு மின்சாரம் தேவையில்லை; வகையைப் பொறுத்து 15 அல்லது 30 நிமிடம் முழுகியிருக்கட்டும், கரைசலை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கப்பலில் பரவி வாந்தி, வயிற்றுப்போக்கு வரவைக்கும் நோரோ வைரஸுக்குச் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. சோப்புத்தான்.

புக்கெட் போறவர்: கரையில இறங்கும்போது எத்தனை வேளைப் பால்?

பதில்: நினைப்பதைவிட ஒன்று கூடுதலாக. புக்கெட்டின் பத்தோங் கடற்கரைப் பக்கம் பெரிய கப்பல்கள் கரையில் கட்டுவதில்லை. நங்கூரமிட்டுச் சின்னப் படகில் இறக்குவார்கள், திரும்பும்போது வெயிலில் வரிசை. தாய்லாந்து மணி சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். குழந்தையின் வயிற்றுக்கு அது தெரியாது, பழைய நேரத்துக்கே கொடுங்கள்.

தலைசுற்றல்: எனக்கு வாந்தி வந்தா தாய்ப்பால் குடுக்கலாமா? பாப்பாவுக்கு என்ன மருந்து?

பதில்: கொடுக்கலாம், பால் கெடாது. உங்களுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு எடுங்கள், சிலது குழந்தைக்கும் தூக்கம் வரவைக்கும். இரண்டு வயதுக்குள் கடல் மயக்கம் பெரும்பாலும் வராது. புரோமெத்தசின் என்ற வாந்தி மருந்தை இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாது. குழந்தை வாந்தி எடுத்தால் வயிற்றுத் தொற்று என்று நினைத்துக் கப்பல் மருத்துவரிடம் போங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு கையில் இருக்கட்டும். ஒரு லிட்டருக்கா 200 மில்லிக்கா என்று உறையில் பார்த்துக் கரையுங்கள்.

கடைசிக் கேள்வி: கைப்பை முதல் நாளுக்கு மட்டும்தானே?

பதில்: இல்லை. இறங்கும் நாளுக்கு முந்தின இரவு பெட்டியைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். பால் டப்பா அதில் போய்விட்டால் காலை வரை உங்கள் கண்ணில் படாது. ராத்திரிப் பாலுக்கும், விடிகாலைப் பாலுக்கும், இறங்கி டாக்ஸி பிடிக்கும் வரைக்கும் பவுடரை அளந்து எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.