கேளுங்கள், சொல்கிறேன்: கையிருப்பு எத்தனை மாதம் வரும்?

கேள்வி: வணக்கம் அம்மா. ஆறு ஆண்டுகளாக வேலையில் இருக்கிறேன். சேமிப்பு முழுவதும் வங்கி வைப்பில்தான். செயற்கை நுண்ணறிவுக்கான சிப் வடிவமைக்கும் ஒரு சிறு நிறுவனத்தின் பங்கை வாங்கும்படி நண்பர் சொல்கிறார். இன்னும் லாபம் பார்க்காத நிறுவனம். ஆனால் பங்கு விலை ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. “இதுதான் அடுத்த என்விடியா” என்கிறார். சேமிப்பில் பாதியைப் போடலாமா? விட்டுவிட்டால் பிறகு வருந்துவேனோ என்று தூக்கம் வரவில்லை.
(பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: பாதி வேண்டாம், தம்பி. கொஞ்சம் போடலாமா என்று வேண்டுமானால் பேசுவோம்.

அந்தச் சிப் எவ்வளவு வேகமானது என்று நண்பர் நிறையச் சொல்லியிருப்பார். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அந்த நிறுவனத்தின் கையிலுள்ள பணம் எத்தனை மாதம் வரும்?

என்விடியா என்று அவரே சொன்னதால் அதையே பார்ப்போம். 1993-ல் தொடங்கிய அமெரிக்கச் சிப் நிறுவனம். 1995-ல் வந்த முதல் சிப் விலைபோகவில்லை. சேகாவின் வீடியோ கேம் கருவிக்காகச் செய்துகொண்டிருந்த சிப்பும் தவறான வழியில் போய்விட்டது. என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் சேகாவிடம் அதை ஒப்புக்கொண்டார். ஆனாலும் பணம் கிடைக்காவிட்டால் நிறுவனம் நிற்காது என்றும் சொன்னார். சேகா 50 லட்சம் டாலரை முதலீடாகத் தந்தது. அந்தப் பணம் வாங்கித்தந்த சில மாதங்களில்தான் ரிவா 128 சிப் தயாராகி, 1997-ல் விற்பனைக்கு வந்து நிறுவனத்தைக் காப்பாற்றியது. 1999 ஜனவரியில் பங்குச்சந்தைக்கு வந்தபோது, அதனிடம் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த பொருள் இருந்தது. அப்படியும் 2002-ல் ஒரே ஆண்டுக்குள் பங்கு விலை ஏறக்குறைய 90 சதவீதம் விழுந்தது. நூறு பத்தாகிவிட்டால், பழைய இடத்துக்கு வரவே பத்து மடங்கு ஏற வேண்டும். அப்போது விற்காமல் உட்கார்ந்திருக்க உங்களால் முடியுமா? சேமிப்பில் பாதி அதில் இருந்தால் யாராலும் முடியாது.

யோசனை நல்லதாக இருந்தால் போதும் என்பதை நான் நம்புவதில்லை. இணையத்தில் செல்லப்பிராணிகளுக்கான பொருட்களை விற்ற பெட்ஸ் டாட் காம், 2000 பிப்ரவரியில் பங்குச்சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மூடப்போவதாக அறிவித்தது. யோசனை தவறா? இல்லை. 2011-ல் தொடங்கிய சூயி அதே வியாபாரத்தைச் செய்து, 2017-ல் 335 கோடி டாலருக்கு விலைபோனது. முந்தையவர்களிடம் அதுவரை தாக்குப்பிடிக்கப் பணம் இல்லை. 2000-ல் தொடங்கிய இணைய நிறுவனப் பங்குகளின் சரிவில் அமேசானும் 90 சதவீதத்துக்கு மேல் விழுந்ததுதான். ஆனால் சந்தை உச்சத்தைத் தொடுவதற்கு ஒரு மாதம் முன், 2000 பிப்ரவரியில், 69 கோடி யூரோவுக்குக் கடன் பத்திரம் விற்றுப் பணத்தைக் கையில் வைத்திருந்தது.

என் சொந்த அனுபவம் ஒன்று. இருபது ஆண்டுகள் கணக்குத் தணிக்கையில் இருந்தவள் நான். புதுவகை மின்கலம் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தின் பங்கை வாங்கினேன். நான்கு ஆண்டுகள் காத்திருந்தேன். மின்கலம் வேலை செய்தது, வாடிக்கையாளரும் கிடைத்தார்கள். என் பணமோ ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. காரணம், பணம் தீரும்போதெல்லாம் அவர்கள் புதுப் பங்குகளை மலிவாக விற்றார்கள். ஒரு கோடிப் பங்குகள் மூன்று கோடியாயின. அப்புறம் விலை மிகவும் இறங்கியதும், பத்துப் பங்கை ஒன்றாகச் சேர்த்தார்கள். எல்லாமே அறிவிப்புகளில் இருந்தன. நான் தொழில்நுட்பச் செய்திகளை மட்டுமே படித்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். நிறுவனத்துக்குள் வந்த பணத்தையும் போன பணத்தையும் காட்டும் பணப்புழக்க அறிக்கையை எடுங்கள். ஒரு காலாண்டில் செயல்பாட்டுக்கும் கருவிகளுக்கும் எவ்வளவு கரைகிறது என்று பாருங்கள். கையிருப்பை அதால் வகுத்து, மூன்றால் பெருக்குங்கள், மாதக் கணக்கு வரும். பன்னிரண்டு மாதத்துக்குக் குறைவாக வந்தால், புதுப் பங்கு வெளியீடு பெரும்பாலும் அருகில் இருக்கிறது, அவசரப்பட்டு வாங்காதீர்கள். மொத்தப் பங்குகள் மூன்று ஆண்டுகளில் எவ்வளவு கூடின என்று பாருங்கள். நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்று தணிக்கையாளர் ஐயம் தெரிவித்திருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மூன்று மடங்கு விலையேற்றத்தைப் பற்றியும் ஒன்று. தினமும் சொற்பப் பங்குகளே கைமாறும் இடத்தில், திரையில் தெரியும் விலை சிறு அளவுக்குத்தான் செல்லும். எல்லோரும் விற்க வரும் நாளில் வாங்க ஆள் இருக்காது. நண்பருக்கு இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். முன்பே வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு விற்பதற்காக விலையை ஊதிவிடுபவர்கள் எல்லாச் சந்தைகளிலும் உண்டு.

சரி, பலன் இல்லையா? இருக்கிறது, அதுவும் பெரிதாக. பேராசிரியர் ஹென்ட்ரிக் பெசெம்பைண்டர் 1926 முதல் 2016 வரையான அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்தார். குறுகிய கால அரசுப் பத்திரங்களைவிட அதிகமாகச் சந்தை உருவாக்கிய செல்வம் முழுவதற்கும் ஈடானதைத் தந்தவை வெறும் 4 சதவீத நிறுவனங்கள். பாதிக்கு மேற்பட்ட பங்குகள் அந்தப் பத்திரங்கள் அளவுக்குக்கூடத் தரவில்லை. அந்த நாலு சதவீதத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் திறமை எனக்கில்லை. அதனால் என் சேமிப்பில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இந்த வகைக்கு ஒதுக்குவதில்லை. அதையும் எட்டுப் பத்து நிறுவனங்களில் பிரித்துப் போடுகிறேன்.

கேள்வி: இப்படிப்பட்ட பங்கு ஒன்று இரட்டிப்பாகிவிட்டது. விற்பதா, வைத்திருப்பதா?
(ஒரு வாசகி)

பதில்: பாதியை விற்று, போட்ட பணத்தை வெளியே எடுத்துவிடுங்கள். மீதியை வைத்திருங்கள். முழுவதையும் விற்றால் அந்த அரிதான பத்து மடங்கு உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. காலாண்டு அறிக்கை வரும்போது மட்டும் திறந்து பாருங்கள். தினமும் விலை பார்க்க வேண்டாம்.

முதல் வாசகருக்கு: அந்த நிறுவனத்தின் கடைசி நான்கு காலாண்டுப் பணப்புழக்க அறிக்கைகளை எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில், பெயரை மறைத்துவிட்டு, வரிவரியாகப் பார்ப்போம். அதுவரை வாங்க வேண்டாம்.