சித்தியின் பெயர் என்ன?

கேள்வி: எனக்கு 23 வயது. எம்.காம். முடித்து வேலைக்குப் போகிறேன். எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தின் செயலாளர் நான். ஆசியச் சபைகள் எல்லாம் ஒரே பொருளில் ஜெபிக்கும் ஆசிய ஞாயிறு ஆராதனையை வருடா வருடம் நாங்கள்தான் நடத்துகிறோம். இந்த வருடம் புலம்பெயர்ந்த தொழிலாளர்களைப் பற்றி எடுத்துக்கொண்டு, ஆதியாகமத்தில் வரும் ஆகாரை வைத்து ஒரு வேதபாடம் தயாரித்தோம். இதே பொருளில் ஆசிய நாடுகளின் சபை வாலிபர்கள் தாய்லாந்தில் ஒரு வாரம் கூடுகிறார்கள். அதற்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அப்பா மறுக்கிறார். "வயசுப் பிள்ளை ஒரு வாரம் வெளிநாட்டில் தனியாக இருந்தால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் என்ன கேட்பார்கள்" என்கிறார். பணத்துக்குக் கஷ்டம் இல்லை. சித்தி 12 வருடமாகக் குவைத்தில் வீட்டு வேலை செய்து அனுப்பும் பணம் இருக்கிறது. என்னைப் படிக்க வைத்ததும் அதுதான். சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை, அவர்களுக்கு இதெல்லாம் புரியாது. அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது? ஊழியத்துக்குப் பெற்றோரே தடையாக இருந்தால் என்ன செய்வது?

பதில்:

மகளே,

நீ எழுதியது மூன்று பக்கம். இங்கே இடம் கருதிச் சுருக்கியிருக்கிறோம். முழுக் கடிதத்தில் உங்கள் சபை ஐயரின் பெயர் இருக்கிறது. வாலிபர் ஐக்கியத் தலைவர், பொருளாளர், உன்னோடு தேர்வான பையன், சம்பந்தம் கொண்டுவந்த தரகர் வரைக்கும் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. சித்திக்கு மட்டும் இல்லை. சித்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நம் வழக்கமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் உன் அத்தைகள் இரண்டு பேரையும் பெயரோடு சேர்த்துத்தான் எழுதியிருக்கிறாய். உன்னைப் படிக்க வைத்தவளுக்கு அந்த மூன்று பக்கத்தில் கிடைத்தது நாலு வரி. கடைசி வரி, "அவர்களுக்கு இதெல்லாம் புரியாது."

எது புரியாது?

புலம்பெயர்ந்த தொழிலாளியின் பாடு அவளுக்குப் புரியாதா? அந்நிய வீட்டில், அந்நிய பாஷையில், விடிவதற்கு முன்னே எழுந்து அடுத்தவர் பிள்ளைக்குச் சோறூட்டுவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? புத்தகத்தைப் பார்த்தும் இணையத்தில் தேடியும் நீங்கள் எழுதிய பாடத்தில் ஒரு வரியாவது அவளிடம் கேட்டு எழுதியதா? உங்கள் ஐக்கியத்திலேயே வேறு யாருக்கும் கிடைக்காத சாட்சி உன் வீட்டுக்குள் இருந்தது. 12 வருடமாக மாதாமாதம் பணமாக வந்துகொண்டும் இருந்தது. அதை எண்ணி வாங்கி வைத்துவிட்டு, ஆளை விட்டுவிட்டீர்கள்.

ஆதியாகமம் 16-ஐ மறுபடி எடுத்து வாசித்துப் பார். அந்த அதிகாரத்தில் எஜமானி சாராயும் அவள் கணவன் ஆபிராமும் ஆகாரைப் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டு பேர் வாயிலும் வருவது "அடிமைப்பெண்" என்ற சொல்தான். அவளை முதன்முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, வனாந்தரத்தில் நீரூற்றுக்கு அருகே அவளைக் கண்ட கர்த்தருடைய தூதன். கூப்பிட்டதும் அவர் அவளிடம் கேட்பது: எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய்? இதை நீ பாடமாகவே நடத்தியிருக்கிறாய். இந்த இரண்டு கேள்வியையும் உன் சித்தியிடம் யாராவது கேட்டு எத்தனை வருடமாகிறது?

இப்போது உன் அப்பா. அவரைச் சரிக்கட்ட நான் ஒரு வழி சொல்லித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். இந்தப் பகுதிக்கு மாதம் இரண்டு கடிதமாவது இப்படி வருகிறது. கூட்டம் மாறும், ஊர் மாறும், "மாப்பிள்ளை வீட்டில் என்ன கேட்பார்கள்" என்பது மட்டும் மாறாது. தகப்பனுக்குத் தெரியாமல் பாஸ்போர்ட் எடுக்காதே, பொய் சொல்லிவிட்டு விமானம் ஏறாதே. அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் அவர் சொன்ன வாக்கியத்தை நீ சரியாகக் காதில் வாங்கவில்லை. ஒரு பெண் ஒரு வாரம் வெளிநாட்டில் தனியாக இருந்தால் மானம் போய்விடும் என்கிறார். அதே வீட்டிலிருந்து ஒரு பெண் 12 வருடமாக வெளிநாட்டில் தனியாகத்தானே இருக்கிறாள்? அவளுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று அவர் ஒரு நாளாவது தூக்கம் கெட்டிருப்பாரா? அவளை யார் என்ன கேட்பார்கள் என்ற கவலை ஏன் அந்த வீட்டில் யாருக்கும் வரவில்லை? அவள் திரும்பி வந்தால் மாதப் பணம் நின்றுவிடும் என்பதாலா? இதை எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இதைக் கேட்காமல் உனக்கு வேறு எந்தப் பதில் எழுதினாலும் அது பொய்யாகிவிடும்.

நீயும் அப்பாவும் எதிரெதிரே நிற்பதாக நினைக்கிறாய். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே பக்கம்தான் நிற்கிறீர்கள்.

சித்தி போனது பெரும்பாலும் காதிம் விசாவில்தான் இருக்கும். வீட்டு வேலைக்கு என்றே தருகிற விசா அது. அகாமா, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி, அந்த வீட்டு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கும். அந்த முதலாளியைக் கஃபீல் என்பார்கள். அவர் சம்மதம் இல்லாமல் வேறு வீட்டுக்கு மாறுவது எளிதல்ல. சொல்லாமல் வெளியேறினால் 'ஓடிப்போனவள்' என்று புகார் கொடுத்துவிட முடியும். 2015-ல் குவைத் வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது, சட்ட எண் 68. ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு ஓய்வு, வருடாந்திர விடுப்பு, பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. வேலையை முடித்துக்கொண்டு கிளம்பும்போது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணம் தர வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. மறு வருடம் குறைந்தபட்சச் சம்பளம் 60 தினார் என்று வைத்தார்கள். சட்டம் காகிதத்தில் இருப்பது ஒன்று, பூட்டிய கதவுக்குப் பின்னால் நடப்பது வேறொன்று. 2018-ல் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணின் உடல் குவைத்தில் குளிர்பதனப் பெட்டிக்குள் கிடந்தது தெரியவந்தபோது, அந்த நாட்டு அரசு கொஞ்ச காலம் அங்கே ஆள் அனுப்புவதையே நிறுத்தி வைத்தது. வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-வது உடன்படிக்கை 2011-ல் வந்தது. பிலிப்பைன்ஸ் அதை மறு வருடமே ஏற்றுக்கொண்டது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. இந்த ஒரு வரியை உங்கள் ஆசிய ஞாயிறு ஆராதனையில் யாராவது வாசித்தீர்களா?

தாய்லாந்து கூட்டத்துக்கு பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் பிள்ளைகள் வரக்கூடும். ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் அந்த இரண்டு நாட்டுப் பெண்களும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆயிரக்கணக்கில் நடைபாதையிலும் பூங்காவிலும் அட்டையை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அது அவர்களுடைய ஓய்வு நாள், உட்கார வேறு இடம் கிடையாது. அவர்களுக்குப் பிறந்த ஒரு பிள்ளை அந்தக் கூட்டத்தில் எழுந்து, "என் அம்மா இன்னொரு வீட்டுப் பிள்ளையை வளர்க்கப் போனாள், என்னைப் பாட்டி வளர்த்தாள்" என்று சொன்னால் நீ என்ன சொல்வாய்? உனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. ஆனால் அதை நீ இன்னும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லையே.

அந்தக் கூட்டத்தை நான் லேசாக நினைப்பதாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம். 1952-ல் உலகக் கிறிஸ்தவ வாலிபர் மாநாடு கோட்டயத்தில்தான் கூடியது. 1957-ல் இந்தோனேசியாவின் பரப்பத்தில் ஆசியச் சபைகள் ஒன்றாகக் கூடி முடிவெடுத்து, 1959-ல் கோலாலம்பூரில் ஓர் அமைப்பாக நின்றன. அதன் முதல் பொதுச்செயலாளர் டி.டி. நைல்ஸ், யாழ்ப்பாணத் தமிழர். அந்த அமைப்புதான் பின்னால் ஆசியக் கிறிஸ்தவ மாமன்றம் ஆனது. 1974 முதல் பெந்தெகொஸ்தேக்கு முந்தின ஞாயிறை ஆசிய ஞாயிறாக வைத்து, வருடத்துக்கு ஒரு பொருளைக் கொடுத்து எல்லா நாட்டுச் சபைகளையும் ஒன்றாக ஜெபிக்க வைக்கிறார்கள். சமுதாயத்தைப் பற்றிப் பேசியதற்கு அவர்கள் விலையும் கொடுத்திருக்கிறார்கள். 1987 டிசம்பரில் சிங்கப்பூர் அரசு அந்த மாமன்றத்தின் அலுவலகத்தை மூடி, வெளிநாட்டு ஊழியர்களை நாட்டைவிட்டே அனுப்பியது. அப்படிப்பட்ட ஒரு வரிசையில் போய் உட்காரப் போகிறாய். வெறுங்கையோடு போகாதே என்றுதான் சொல்கிறேன்.

நைல்ஸ் ஐயா சொன்னது ஒன்று உண்டு: சுவிசேஷம் சொல்வது, ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்கு அப்பம் எங்கே கிடைக்கும் என்று சொல்வது போல. உன் கடிதத்தில் நீ ஒரு மேடையில் நிற்கிறாய், தொழிலாளர்கள் எல்லோரும் கீழே நிற்கிறார்கள். அதனால்தான் சித்தி அந்தத் தொழிலாளர்களில் ஒருத்தி என்பதுகூட உனக்குத் தோன்றவில்லை. 1910-ல் எடின்பரோவில் நடந்த மிஷனரி மாநாட்டில், பின்னால் பேராயரான நம் வெள்ளாளன்விளை அசரியா, மிஷனரிகளைப் பார்த்து நேராகவே பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அப்போது அவருக்கு 36 வயதுகூட நிறையவில்லை. கொடுக்கிறவர்களைப் பார்த்து அவர் அதைக் கேட்டார். வாங்கிக்கொள்கிற உங்கள் குடும்பத்தைப் பார்த்து உன் சித்தி என்ன கேட்க வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பார்.

"ஊழியத்துக்குப் பெற்றோரே தடையாக இருந்தால்" என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்வி எனக்குக் கோபம் உண்டாக்கியது. மாற்கு 7-ல் கொர்பான் என்று ஒரு பேச்சு வருகிறது. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை, இது தேவனுக்கு நேர்ந்த காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழிக்கிறவர்களை இயேசு அங்கே கடிந்துகொள்கிறார். உனக்குச் சித்தி இன்னொரு தாய். உன் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியவள் அவள். இப்போது அவள் பணத்தை எடுத்து, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அதற்கு ஊழியம் என்று பெயர் வைத்தால் அது கொர்பான்தான். வீட்டாருக்குச் செய்ய வேண்டிய கடனைத் தாண்டிப் போகிற ஊழியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. இதைப் பழைய காலத்துப் பேச்சு என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை சித்திக்குப் போன் பண்ணு. அங்கே வெள்ளிதான் விடுமுறை, சபைகள் கூடுவதும் வெள்ளியில்தான். ஓய்வு கொடுக்கிற வீடாக இருந்தால் பகலில் பேசலாம். இல்லையென்றால் அவள் கை ஓய்கிற நேரத்துக்கு நீ விழித்திரு. நமக்கு இரவு ஒன்றரை என்றால் அங்கே 11 மணி. உன் தூக்கம் ஒரு நாள் கெடட்டும். முதல் தடவை தனியாகப் பேசு, அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் இருந்தால் "நல்லா இருக்கேன்" என்று முடித்துவிடுவாள். வார ஓய்வு கிடைக்கிறதா, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது, எங்கே படுக்கிறாள், சம்பளம் ஒழுங்காக வருகிறதா, உடம்புக்கு என்ன, எல்லாம் கேள். தாய்லாந்தைப் பற்றி எடுத்த எடுப்பில் பேசாதே. பிறகு உங்கள் வேதபாடத்தை அவளுக்கு வாசித்துக் காட்டு. எங்கே தவறு என்று அவள் சொல்வாள். சொன்னதை எழுதிக்கொள். அதற்கப்புறம் பணத்தைப் பற்றிக் கேள், அனுமதியாகக் கேள்.

போய் வா என்று அவள் சொன்னால் போய் வா. அவள் பெயரையும் வீட்டு விலாசத்தையும் வெளியே சொல்லிவிடாதே, அவள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்க வேண்டும். அவள் பட்டதை மட்டும் அவள் சம்மதித்த அளவுக்குச் சொல். எனக்கு எழுதும் கடிதத்தில் பெயரை எழுது, நான் அச்சில் போட மாட்டேன்.

ஒருவேளை, வந்துவிடணும்போல இருக்கு என்று அவள் வாயிலிருந்து வந்தால், வீட்டில் இருக்கிற அந்தப் பணம் அவளுடைய டிக்கெட்டுக்கு. இந்த வருடம் தாய்லாந்து வேண்டாம். ஆசிய ஞாயிறு அடுத்த வருடமும் வரும், கூட்டமும் வரும். நீ சம்பாதிக்கிறாய், அடுத்த தடவை உன் சம்பளத்தில் போ. 12 வருடக் கணக்கில் அவளுக்கு வர வேண்டிய பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பச் சொல், ஏதாவது தகராறு என்றால் குவைத்தில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுது. ஆங்கிலத்தில் கடிதம் எழுதத்தான் உன்னை அவள் படிக்க வைத்திருக்கிறாள்.

இரண்டாவது தடவை பேசும்போது அப்பாவைப் பக்கத்தில் உட்கார வை. பேச வேண்டியதை அவள் பேசட்டும். நீ குறுக்கே பேசாதே.