பட்டறைத் திண்ணை: வளைவில் வரும் ‘டக் டக்’

காரைக்குடியில் 31 ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருப்பவர், வாசகர்களின் வண்டிச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த மாதம் முழுக்க, எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டான ஷாஃப்ட் பற்றிய கேள்விகள்.

கேள்வி: எங்கள் எஸ்யூவி எட்டு மாதமாக ஷெட்டிலேயே நின்றது. மகன் குடும்பம் சிங்கப்பூரிலிருந்து பொங்கலுக்கு வந்தபோதுதான் எடுத்தோம். தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் முன்பக்கம் ‘டக் டக் டக்’ என்று சத்தம். நேர் ரோட்டில் இல்லை. சர்வீஸில் காட்டினால் இரண்டு பக்கமும் டிரைவ்ஷாஃப்டை முழுசாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, சரி என்று தலையாட்டுவதற்கு முன்னால் ஒரு டார்ச் லைட்டோடு மகனை வண்டிக்கு அனுப்புங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து, எஞ்சினை அணைத்துவிட்டால், முன் சக்கரத்துக்குப் பின்னால் கை நுழைய இடம் கிடைக்கும். அங்கே துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் இருக்கும். ஷாஃப்டின் மூட்டை மூடி, உள்ளேயிருக்கும் கிரீஸைக் காக்கிற உறை அது. நாங்கள் ‘பூட்’ என்போம். மடிப்புகளை விரலால் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே நன்றாகத்தான் இருக்கும். வெடிப்பு மடிப்பின் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும். ரிம்மின் உள்பக்கம் தார் தெறித்த மாதிரி பிசுபிசுவென்று இருந்தால் மேற்கொண்டு தேடவே வேண்டாம், பூட் கிழிந்துவிட்டது.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முன் சக்கரங்களை ஓட்டுகிற வண்டி. கிரெட்டா, பிரெஸ்ஸா, நெக்ஸான் எல்லாம் இந்த வகைதான். கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு ஷாஃப்ட். அது சுற்றவும் வேண்டும், ஸ்டியரிங் ஒடித்தால் கூடவே வளையவும் வேண்டும், பள்ளம் மேட்டில் ஏறி இறங்கவும் வேண்டும். அதனால் ஒவ்வொன்றிலும் இரண்டு மூட்டுகள். கியர்பாக்ஸ் பக்க மூட்டில் பெரும்பாலும் மூன்று உருளைகள். சக்கரத்தை ஒட்டிய மூட்டில் ஆறு எஃகுக் குண்டுகள், தடத்துக்குள் உருண்டுகொண்டே இருக்கும். நேர் ரோட்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் வண்டி உதறினால் உருளை மூட்டு. வளைவில் மட்டும் டக் டக் என்றால் குண்டு மூட்டு.

எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமா? ஏதாவது பொட்டலில் வைத்து, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக வட்டமடிக்கச் சொல்லுங்கள். வலப்பக்கம் வட்டமடிக்கும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் இடது மூட்டு. இடப்பக்கம் அடிக்கும்போது கூடினால் வலது.

நின்ற வண்டிக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எலி. ஆளில்லாத வீட்டு ஷெட்டில் வயருக்கு அடுத்து அது கடிப்பது ரப்பரைத்தான். அப்புறம் நாலு நாள் பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி என்று சுற்றியிருப்பீர்கள். கிரீஸ் வெளியே தெறித்து, நம்மூர்ச் செம்மண் உள்ளே போயிருக்கும். கிரீஸும் செம்மண்ணும் கலந்தால் வால்வு தேய்க்கிற பேஸ்ட்தான்.

இனி செலவுக் கணக்கு. கிழிந்திருந்து சத்தம் இல்லையென்றால், மூட்டைக் கழுவிப் புதுக் கிரீஸும் புது பூட் உறையும் போட்டால் போதும். குறைந்த செலவில் வேலை முடிந்திருக்கும். உங்களுக்குச் சத்தம் வந்துவிட்டது. குண்டு தடத்தைப் பறித்துவிட்டது என்று அர்த்தம். முட்டை வெள்ளைக்கரு வைத்து இழைத்த உங்கள் வீட்டு வளவுச் சுவர் (நடுமுற்றத்தைச் சுற்றியது) ஓரிடத்தில் பெயர்ந்தால் சுண்ணாம்பு அடித்து மறைக்கலாம், அந்த வழவழப்பு வருமா? தடமும் அப்படித்தான். கிரீஸ் திணித்தால் பத்து நாள் அடங்கும், மறுபடி ஆரம்பிக்கும். அதனால் சத்தம் வருகிற பக்கத்து வெளி மூட்டை, அதாவது சக்கரத்தை ஒட்டியதை, மாற்றுங்கள். சில வண்டிக்கு மூட்டு தனியாகக் கிடைக்காது, அப்போது அந்த ஒரு ஷாஃப்டை. மறுபக்க பூட் முழுசாக இருந்து சத்தமும் இல்லையென்றால் அதைத் தொடவே விடாதீர்கள்.

கேள்வி: பத்து வருடப் பழைய ஏழு சீட் வண்டி, பின்சக்கரம் ஓட்டுவது. 60-ஐத் தாண்டினால் காலடியில் அதிர்வு. வீல் பேலன்ஸிங் இரண்டு முறை செய்தும் போகவில்லை. ரிவர்ஸ் போட்டால் ‘டங்’ என்கிறது.
– வாசகர், தேவகோட்டை

பதில்: அண்ணே, மூன்றாவது முறை பேலன்ஸிங் செய்யாதீர்கள். ஸ்டியரிங் ஆடினால் முன் சக்கரம். உட்காரும் இடமும் காலடியும் ஆடினால் நான் முதலில் பார்ப்பது புரொப்பல்லர் ஷாஃப்டை. பொலேரோ, ஸ்கார்ப்பியோ, இன்னோவா கிரிஸ்டா மாதிரி வண்டிகளில் எஞ்சின் முகப்பில், வேலை பின்கட்டில். நடுவே வளவு நெடுக ஓடிப் பரிமாற ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள்தான் இந்த நீளக் குழாய். (இன்னோவா என்றாலே பின்சக்கரம் என்று நினைக்காதீர்கள். ஹைகிராஸ் முன்சக்கர வண்டி.)

குழாயின் முனைகளில் கூட்டல் குறி மாதிரி ‘கிராஸ்’ இருக்கும். அதன் நாலு கைக்கும் நாலு கப், கப்புக்குள் ஊசி பேரிங். சமதளத்தில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, நியூட்ரலில் போட்டு, கிராஸுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. கப்பின் ஓரத்தையும் பாருங்கள், மெல்லிய செந்தூள் வளையமாகப் படிந்திருக்கும். செம்மண் என்று துடைத்துவிட்டுப் போய்விடுவோம். மண் என்றால் எல்லா இடத்திலும் ஒட்டும். கப் ஓரத்தில் மட்டும் வளையமாக இருந்தால் உள்ளே ஊசிகள் துருப்பிடித்துப் பொடியாகிக்கொண்டிருக்கின்றன. ‘டங்’ அங்கிருந்துதான் வர வாய்ப்பு அதிகம்.

கிராஸில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருந்தால் ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும் கிரீஸ் அடியுங்கள். நாலு கப்பிலிருந்தும் பழைய கிரீஸ் பிதுங்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றுதான் நாளைக்கு நடுரோட்டில் நிறுத்தும். ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால் நடுவிலுள்ள சென்டர் பேரிங் ரப்பரையும் அமுக்கிப் பாருங்கள்.

கழற்றும் முன் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். இது நான் வாங்கிய அடி. தொழில் பழகிய காலத்தில் ஷாஃப்டின் நடுவில் நழுவும் ஸ்ப்லைனை (பல் வெட்டிய இணைப்பு) உருவி, துடைத்து, அடையாளம் பார்க்காமல் செருகிவிட்டேன். கிராஸ் புதுசு, சென்டர் பேரிங் புதுசு, வண்டி முன்னைவிட மோசமாக அதிர்ந்தது. சாய்வாகச் சுற்றும் கிராஸ், ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். அந்தப் பக்கக் கிராஸ் அதற்கு நேர் எதிராகச் செய்வதால்தான் நமக்குத் தெரிவதில்லை. கிராஸைப் பிடிக்கும் இரண்டு முனைக் கவைகளும் ஒரே வாட்டத்தில் நின்றால்தான் அந்தக் கணக்கு நேராகும். நான் இரண்டு பல் தள்ளிச் செருகியிருந்தேன். ஆசான் ஒரு வார்த்தை திட்டவில்லை. சாக்பீஸை என் சட்டைப் பையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

கேள்வி: தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குப் பின்னால் சாமான் வண்டியாக எங்கள் எஸ்யூவி முதல் கியரிலேயே ஊர்ந்து போகிறது. ஷாஃப்ட் கெடுமா?
– வாசகர், குன்றக்குடி

பதில்: ஷாஃப்டுக்கு ஒன்றும் ஆகாது. கிளட்ச்சைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கேள்வி: 4x4 வண்டி வாங்கியிருக்கிறேன். பாதுகாப்புக்கு எப்போதும் 4எச்-சிலேயே (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) ஓட்டலாமா?
– வாசகர், ஆத்தங்குடி

பதில்: லீவரோ திருகோ வைத்து நாம் மாற்றிப் போடும் வகை என்றால், காய்ந்த தார் ரோட்டில் கூடவே கூடாது, தம்பி. வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். முன்னையும் பின்னையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் நடுவில் இல்லாததால் அந்த வித்தியாசம் ஷாஃப்டை முறுக்கிக்கொண்டே போகும். ஸ்டியரிங் கனக்கும், லீவர் 2எச்-சுக்கு (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) வர மறுக்கும். கண்மாய்ச் சேறு, ஆற்று மணல் என்றால் போடுங்கள். மாதம் ஒருமுறை மண் ரோட்டில் கொஞ்ச தூரம் போட்டு ஓட்டினால் முன்பக்கத்துக்கும் ஆயில் பரவும்.

கேள்வி: பட்டறையில் டிரைவ்ஷாஃப்டைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: நின்றாலே பாதி வேலை ஒழுங்காக நடக்கும். ஷாஃப்டின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு மறுமுனையில் தொங்கவிட்டால் உள் மூட்டு பிரிந்துவிடும், கயிறு போட்டுத் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். உருவும்போது கியர் ஆயில் கொட்டும். முடித்ததும் அளவு பார்த்து நிரப்பினார்களா, ஆயில் சீல் மாற்றினார்களா என்று கேளுங்கள். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் நட்டு புதுசாக இருக்கட்டும், முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கட்டும். பூட் உறைக்குக் கட்டுக்கம்பி சுற்றினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கிளிப்தான். புது பூட் உறையோடு ஒரு பாக்கெட்டில் கறுப்புக் கிரீஸ் வரும், அளந்து கொடுத்ததுதான் அது. பாதியைப் பிதுக்கிவிட்டு மீதியை ஸ்டூலுக்கு அடியில் வைப்பவர்கள் உண்டு. காலிப் பாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.