இரண்டு மிதி மிதித்தால்தான் பிரேக் பிடிக்கிறதா?

கேள்வி: முன்சக்கரத்தில் பிரேக் ஹோஸ் மாற்றினேன். அதிலிருந்து முதல் மிதிக்குப் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. இரண்டு மூன்று தடவை அடித்தால்தான் பிடிக்கிறது. அடுத்த வாரம் பிள்ளைகளோடு மாஞ்சோலை போகணும். வீட்டிலேயே ஏர் (பிரேக் லைனில் சிக்கின காற்று) எடுக்கலாமா அண்ணாச்சி? (வாசகர், அம்பாசமுத்திரம்)

எடுக்கலாம் தம்பி. ஆனால் பெடல் கெட்டியாகும்வரை வண்டியை மலைப்பக்கம் திருப்பவே கூடாது.

முதலில் இதைப் பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து தடவை அடித்து, ஒரு நிமிடம் அழுத்தியே வைத்திருங்கள். கெட்டியாக நின்றால் லைனில் காற்றுதான். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கிற உருளை) ரப்பர் சீல் போய்விட்டது. அப்படியென்றால் ஏர் எடுத்துப் பயனில்லை.

பிரேக் ஆயில், அதன் தொட்டி மூடியில் போட்டிருக்கிற ரகம்தான். சீல் உடைக்காத புது டப்பா. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் வழக்கமாகப் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வருவோம். உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதுதான் சரி.

சக்கரத்து பிரேக்கில் காற்றை வெளியே விடுகிற நிப்பிளில், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் ஆயிலுக்குள் முங்கியிருக்கட்டும். உள்ளே இருப்பவர் பெடலை அழுத்தி, “பிடிச்சிருக்கேன்” என்றதும் நிப்பிளை அரைச் சுற்றுத் திறங்கள். சோடா மாதிரி பொடிக்குமிழ் பொங்கி வரும். பெடல் கீழே போய்க்கொண்டிருக்கும்போதே மூடிவிட்டு, அதன்பிறகுதான் “விடு” சொல்லணும். முந்திக் காலை எடுத்தால், வெளியேற்றின காற்றையே லைன் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பழைய வண்டியென்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். தரைவரை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே துருப்பிடித்த பகுதியில் சீல் உரசிக் கிழியும். அஞ்சாறு மிதிக்கு ஒருதரம் மேலே ஆயில் மட்டம் பாருங்கள். தொட்டி காலியானால் மறுபடி முதலிலிருந்து.

உவரி, கூடங்குளம் பக்கம் ஓடின வண்டிகளில் உப்புக்காற்றில் நிப்பிள் இறுகிக் கிடக்கும். துருநீக்கி அடித்து ஊறவிட்டு, ரிங் ஸ்பேனரால் மட்டும் திருப்புங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால் ஸ்கேனர் வேண்டும், பட்டறைக்குத்தான் போகணும்.

இரண்டு வருடத்துக்கு மேலான ஆயில் என்றால் நாலு சக்கரத்திலும் புது ஆயில் வரும்வரை எடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்கிற ரக ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கணும். ஈரம் ஏறினால் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். மணிமுத்தாறு நோக்கி பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால், உள்ளே கொதித்து ஆவியாகிப் பெடல் திடீரென்று காலியாகும். முதலில் தெருவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மலையிலிருந்து இறங்கும்போது முதல், இரண்டாம் கியரிலேயே வாருங்கள்.