டயல்-அப் போனில் யூயூசிபி வழியாக மெயிலும் நியூஸும் வாங்குவது எப்படி?

இணையத்தில் நேரடியாகச் சேராமல், ராத்திரி ஒரு போன் கால் போட்டு மெயிலும் யூஸ்நெட் நியூஸும் (விவாதக் குழுக்களின் பதிவுகள்) வாங்கினார்களே, அதை லினக்ஸில் எப்படி அமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

யூனிக்ஸ் கணினிகளுக்கிடையே கோப்புகளைக் கடத்தும் யூயூசிபி தபால் பை மாதிரி. நீங்கள் எழுதும் மெயில் உடனே போகாது, ஸ்பூல் டைரக்டரியில் காத்திருக்கும். மோடம் எதிர்முனையைப் பிடித்ததும் இரண்டு பக்கமும் பையை மாற்றிக்கொள்ளும். 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வெளிவந்த இந்த எளிய ஏற்பாட்டின் மேல்தான் யூஸ்நெட் வளர்ந்தது. எனக்கு இன்றும் அது அழகான வடிவமைப்பு.

லினக்ஸில் ஓடும் யூயூசிபி வடிவமான டெய்லர் யூயூசிபியை நிறுவுங்கள். 'சிஸ்' கோப்பில் எதிர்முனையின் பெயர், போன் நம்பர், கூப்பிடும் நேரம். 'போர்ட்' கோப்பில் சீரியல் போர்ட். 'டயல்' கோப்பில் மோடத்துக்கான கட்டளைகள். இது சுலபம்.

பலர் தடுக்கி விழுவது சாட் ஸ்கிரிப்டில்தான், அதாவது எதிர்முனை என்ன கேட்டால் என்ன சொல்வது என்ற பட்டியலில். எதிர்முனை 'லாகின்' என்று கேட்கும்வரை காத்திருந்து பெயரைச் சொல்ல வேண்டும். ஆனால் சில கணினிகள் பெரிய 'எல்' போடும், சில சின்ன 'எல்' போடும். அதனால் முதல் எழுத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் ஸ்கிரிப்டில் எழுதுங்கள். கடவுச்சொல் கேட்கும் வரிக்கும் இதே வழிதான்.

அப்புறம், வந்த மெயிலை 'ஆர்மெயில்' நிரலும் நியூஸை 'ஆர்நியூஸ்' நிரலும் வாங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து ஓட்ட இந்த இரண்டை மட்டும் அனுமதியுங்கள். நியூஸைத் தனித்தனியாக அனுப்பாமல் மொத்தமாகக் கட்டிச் சுருக்கி அனுப்பச் சொல்லி எதிர்முனையிடம் கேளுங்கள், போன் பில் நன்றாகக் குறையும். கடைசியாக, கட்டணம் குறைந்த நேரத்தில் கால் போட, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரானில் ஒரு வரி.