திருகோணமலையில் பெரியவர்களுக்கு ஏடிஎச்டி, ஓட்டிசம் பரிசோதனைக்கு யாரிடம் போகலாம்?

கேள்வி: திருகோணமலையில் இருக்கிறேன், வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஏடிஎச்டியோ (கவனக்குறைவு, பரபரப்புக் கோளாறு) ஓட்டிசமோ (மற்றவர்களோடு பழகுவதிலும் பேசுவதிலும் வித்தியாசம்) இருக்குமோ என்று சந்தேகம். யாரிடம் காட்டுவது? கொழும்புக்குத்தான் போகவேண்டுமா?

முதலில் உள்ளூரில் காட்டுங்கள். நம் மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசும் இல்லை. வேறு இடத்தில் காட்டத்தான் வேண்டும் என்றால் அங்கிருந்தே கடிதம் வாங்கலாம். கடிதத்தோடு போவதற்கும் சும்மா போய் நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு. எனக்கு ஏடிஎச்டி என்று தெரியவந்ததே முப்பது தாண்டித்தான், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

தனியாரில் சனல் பண்ணுவதென்றால், அந்த டொக்டர் பெரியவர்களை இதற்குப் பார்ப்பாரா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். ஓரிடத்துக்கு நான் எடுத்தபோது "பிள்ளைக்கு எத்தனை வயது?" என்றார்கள். "முப்பத்திரண்டு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இவையெல்லாம் சின்னப் பிள்ளைகளின் விடயம் என்றே பலர் நினைக்கிறார்கள், இருக்கிற வசதிகளும் பெரும்பாலும் பிள்ளைகளுக்குத்தான். அப்புறம், முழு மதிப்பீட்டுக்குத் தனியாக நேரம் ஒதுக்குவாரா என்றும் கேளுங்கள். பின்னேரச் சனலில் கடைசி நம்பர்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய் வரும் நேரத்தில் இந்த வேலை முடியாது.

மனநல வைத்திய நிபுணரும் மருத்துவ உளவியலாளரும் மதிப்பீடு செய்யலாம். ஏடிஎச்டிக்கு மெதைல்பெனிடேட் போன்ற மருந்து தேவைப்பட்டால் எழுதுவது வைத்தியர்தான், உளவியலாளர் அல்ல. யாராக இருந்தாலும் இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை செய்பவர்களிடம் மனம் விட்டுப் பேசலாம், வழி கேட்கலாம், ஆனால் நோய் நிர்ணயம் அவர்கள் வேலை இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைத்து விசாரிக்கலாம். அந்த நிறுவகம் அங்கொடையில் இருக்கிறது; அந்தப் பேரைக் கேட்டாலே பைத்தியம் என்று நினைப்பார்கள், வீட்டில் சொல்லாமல் விடுவது உங்கள் கெட்டித்தனம்.

இனி, ஆள் சரியானவரா என்று நான் பார்க்கும் அடையாளம் ஒன்றுதான்: உங்கள் சின்ன வயதைப் பற்றி எவ்வளவு கேட்கிறார்? 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய் நிர்ணயக் கையேட்டின்படி பெரியவர்களுக்கு ஏடிஎச்டி என்று சொல்ல, கவனக்குறைவிலோ பரபரப்பிலோ குறைந்தது 5 அறிகுறிகள் வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்கவேண்டும். வீடு, வேலை என்று ஓரிடத்துக்கு மேல் தெரியவும் வேண்டும். ஓட்டிசமும் சின்ன வயதிலேயே தொடங்குவது. அதைக் கேட்காமல் ஒருவர் முடிவு சொன்னால் எழும்பி வந்துவிடலாம்.

என்னைப் பார்த்த டொக்டர் அம்மாவைக் கூட்டி வரச் சொன்னார். அம்மா உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "குழப்படியே இல்லாத பிள்ளை டொக்டர், வகுப்பில் சத்தமே வராது" என்றார். என்னைக் காப்பாற்றுகிறாராம். டொக்டர் அதை எழுதிக்கொண்டு, "பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என்னென்ன தொலைத்துவிட்டு வருவார்?" என்று கேட்டார். அவ்வளவுதான், அம்மா விரலை மடக்கத் தொடங்கிவிட்டார். தண்ணிப் போத்தல், குடை, கொம்பாஸ் பெட்டி, ஒருநாள் ஒற்றைச் சப்பாத்து. கடைக்குத் தேங்காய் வாங்க அனுப்பினால் வழியில் பராக்குப் பார்த்து நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தது. சமையலுக்கு நேரமாகிவிட்ட அந்தக் கோபம் இன்னும் அவருக்கு ஆறவில்லை. அமைதியாக இருந்து பராக்குப் பார்க்கும் பெண் பிள்ளைகளை யாரும் கவனிப்பதில்லை, அதனால்தான் எங்களில் பலருக்கு இவ்வளவு பிந்தித் தெரிகிறது.

பழைய தேர்ச்சி அறிக்கை இருந்தால் எடுத்துப் போங்கள். "கெட்டிக்காரி, கவனம் போதாது" என்று ஆசிரியர் எழுதிய ஒரு வரி உதவும். 2004 சுனாமியிலும் 2006 இடப்பெயர்விலும் அதெல்லாம் போன வீடுகள் இங்கே நிறைய. பரவாயில்லை, அக்காவோ மாமியோ கூடப் படித்தவரோ சொன்னாலும் போதும்.

அந்த வருடங்களைப் பற்றியும் டொக்டர் கேட்கவேண்டும். ஷெல் சத்தத்தில் வளர்ந்தவருக்கும் கடலில் ஆளைப் பறிகொடுத்தவருக்கும் நித்திரை இல்லாமை, மறதி, திடுக்கிடல், கவனம் நிற்காமை எல்லாம் வரும். மேலோட்டமாகப் பார்த்தால் ஏடிஎச்டி மாதிரியே இருக்கும், வைத்தியம் வேறு. இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும். மனச்சோர்வு, தைரொயிட், இரத்தச்சோகை, குறட்டையோடு மூச்சு நின்று போகும் நித்திரைப் பிரச்சினை, இவற்றையும் விசாரித்து, தேவையானால் இரத்தம் சோதிக்க எழுதுபவர் நல்லவர்.

போனில் ஒரு படிவம் நிரப்பினால் அன்றைக்கே சான்றிதழ் என்று விளம்பரம் செய்பவர்களிடம் என் மச்சாள் காசு கட்டினாள். ஏஎஸ்ஆர்எஸ் என்ற, ஏடிஎச்டி அறிகுறிகளை நாமே குறித்துப் பார்க்கும் 18 கேள்விப் பட்டியலைத்தான் அனுப்பியிருந்தார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது அது. அதில் கூடுதலாகப் புள்ளி வந்தால் டொக்டரிடம் காட்டுங்கள் என்றுதான் அர்த்தம், அது தீர்ப்பு இல்லை.

ஓட்டிசச் சந்தேகம் என்றால் இன்னொன்று. கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா என்பது வெளிநாட்டுப் பட்டியல்களில் முக்கியமான கேள்வி. இங்கே பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்துவதுதான் மரியாதை. நம் பழக்கம் தெரிந்தவர், முடிந்தவரை தமிழில் பேசக்கூடியவர் வேண்டும். நடுவில் தாதி மொழிபெயர்த்தால் நீங்கள் பத்து வசனம் சொன்னது இரண்டாகச் சுருங்கிப்போகும். 2013க்கு முன் டிஎஸ்எம் விதிப்படி ஓட்டிசம் உள்ளவருக்கு ஏடிஎச்டியும் என்று சேர்த்துச் சொல்ல இடமில்லை, இப்போது இருக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்ப்பாரா என்று கேளுங்கள்.

தெரிந்தவர் கண்ணில் படுமே என்று மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ போகிறவர்கள் உண்டு, புரிகிறது. ஆனால் மருந்து தொடங்கினால் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் இரவு ரயில் ஏறுவீர்களா? மதிப்பீட்டை வெளியூரில் செய்தாலும் தொடர்ந்து பார்க்க இங்கே ஒருவர் வேண்டும். அவருக்குக் காட்ட முழு அறிக்கையை எழுத்தில் வாங்கி வாருங்கள்.

கிளினிக் நாளில் அம்மாவைக் கூட்டிப்போவதென்றால் காலைச் சாப்பாடு முடித்துக் கிளம்புங்கள், முறை வர மத்தியானம் ஆகலாம். என்ன சொல்லவேண்டும் என்று வழியில் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.