பழைய ஆர்15-ல கூலன்ட் ஒழுகுது, ஹெட் கேஸ்கெட் மாத்தியே ஆகணுமா?

திருச்சியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். 2012 மாடல் யமஹா ஆர்15 வெர்ஷன் 2, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. காலையில வண்டிய நகர்த்தினா தரையில பச்சையா நாலஞ்சு சொட்டு கிடக்குதாம், இன்ஜின் சூட்ட ஆத்துற திரவமான கூலன்ட ரிசர்வ் டேங்க்ல வாராவாரம் ஊத்த வேண்டியிருக்காம். தெரு மெக்கானிக் ஒருத்தர் ஆயில் மூடிய திறந்து உள்பக்கம் வெள்ளையா ஒட்டியிருந்தத காட்டி "ஹெட் கேஸ்கெட் போச்சு, இன்ஜின இறக்கணும், 9 ஆயிரம் ஆகும்"னு சொல்லிட்டாராம். இன்னொருத்தர் ஸ்டாப் லீக்னு ஓட்டைய அடைக்கிற மருந்து ஒரு பாட்டில் ஊத்தினா போதும்ங்கிறாராம். வீட்லயே பாத்துக்க முடியுமா, பணத்த எடுத்து வைக்கணுமான்னு கேள்வி.

தம்பி, இன்ஜின இப்போதைக்கு யாரையும் இறக்க விடாதீங்க. உங்களுக்கு தரையில சொட்டுது. சொட்டுதுன்னா வெளியில எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். ஹெட் கேஸ்கெட்ங்கிறது சிலிண்டருக்கும் அதுக்கு மேல இருக்கிற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற தகடு, அது போனா பெரும்பாலும் கூலன்ட் உள்ள போகும், எரிஞ்சு சைலன்சர்ல வெள்ளைப் புகையா வரும், இல்லன்னா ஆயில்ல கலக்கும். தரையில ஒரு சொட்டும் இல்லாம டேங்க் மட்டும் காலியாகுதுன்னு நீங்க எழுதியிருந்தா நானே பயந்திருப்பேன்.

இப்ப அந்த வெள்ளை விஷயத்துக்கு வர்றேன், இத கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா இத வச்சுத்தான் நிறைய பேர ஏமாத்துறாங்க. இன்ஜின் ஒவ்வொரு தடவ சூடாகி ஆறும்போதும் உள்ள ஈரக்காத்து தண்ணியா மாறும். நல்லா ஒரு மணி நேரம் ஓட்டினா அது ஆவியாகி போயிடும். வீட்ல இருந்து ஆபீஸ் 2 கிலோமீட்டர், அங்கேர்ந்து கடை 1 கிலோமீட்டர்னு ஓட்டுறவங்களுக்கு அது போகவே போகாது, மழைக்காலத்துலயும் மார்கழிப் பனியிலயும் இன்னும் மோசம், போய் இருக்கிறதுலயே குளிர்ச்சியான இடமான ஆயில் மூடியில வெள்ளையா கிரீம் மாதிரி படிஞ்சு நிக்கும். அது ஹெட் கேஸ்கெட் இல்ல. நல்ல இன்ஜின்லயும் வரும். மூடிய துடைச்சுட்டு, முதல்ல கூலன்ட் லெவல சரி பண்ணிட்டு, நிறுத்தாம ஒரு 30 கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க. வண்டி ஆறினதும் திறந்து பாருங்க. மூடி சுத்தமா இருந்து, ஆயில் அளவு பாக்கிற கம்பியான டிப்ஸ்டிக்ல ஆயில் ஆயில் கலர்லயே இருந்தா முடிஞ்சுது, அந்த 9 ஆயிரம் உங்க பையிலேயே இருக்கட்டும். மூடி மட்டும் இல்லாம டிப்ஸ்டிக்ல வர்ற ஆயிலே மொத்தமா பால் காபி கலர்ல இருந்தாதான் தண்ணி உள்ள போயிருக்குன்னு அர்த்தம், அப்ப ஸ்டார்ட்டே பண்ணாம தள்ளிட்டுப் போங்க. அதுலயும் ஹெட் கேஸ்கெட்தான்னு முடிவு கட்டக்கூடாது, வாட்டர் பம்ப்பா இருக்க நிறைய வாய்ப்பு, அத கீழ சொல்றேன். மூடிய மட்டும் திறந்து காட்டி, டிப்ஸ்டிக்க உருவிக் காட்டாத ஆள்கிட்ட வண்டிய விடாதீங்க.

சரி, எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கிறது. ஆர்15-ல தொந்தரவே ஃபேரிங்தான், அதாவது வண்டிய மூடியிருக்கிற பிளாஸ்டிக் கவர். ஹோஸ்ல ஒழுகுற சொட்டு ஃபேரிங் உள்பக்கமா ஓடி வேற எங்கயோ போய் விழும், சொட்டு விழுற இடத்துக்கு நேர் மேல பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு நினைச்சுப்பீங்க. அதனால ரெண்டு பக்க ஃபேரிங்கையும் கழட்டிடுங்க, ஸ்க்ரூவ எந்தப் பக்கத்தோடதுன்னு தனித்தனியா டப்பாவுல போடுங்க. இன்ஜின் நல்லா ஆறின பிறகு தண்ணி விட்டு கழுவி, துணியால துடைச்சு, ஹோஸ் மாட்டியிருக்கிற இடம், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் அடிப்பக்கம் எல்லாத்துலயும் வீட்ல இருக்கிற முகப்பவுடர தூவுங்க. கீழ நியூஸ்பேப்பர் விரிச்சு ராத்திரி பூரா விடுங்க. காலையில பவுடர் எங்க நனைஞ்சு கோடு போட்டிருக்கோ அதுதான் இடம். ராத்திரி ஒண்ணும் ஆகலன்னா ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டர் ஃபேன் ஓடுற வரைக்கும் ஐடில்ல விட்டுப் பாருங்க. கை மட்டும் ஃபேன் பக்கம் போகக்கூடாது.

சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய தொடாதீங்க. உள்ள 1.1 பார் பிரஷர் ஏறினா தண்ணியே 120 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், மூடிய திறந்த உடனே பிரஷர் இறங்கி அத்தனையும் ஒரே நேரத்துல கொதிச்சு மூஞ்சில அடிக்கும். துணி போட்டு திறக்கலாம்னு எல்லாம் யாராவது சொல்வாங்க, கேக்காதீங்க, ஒரு மணி நேரம் காத்திருந்தா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

வண்டி சில்லுன்னு இருக்கும்போது சொட்டி, ஓட்டும்போது நின்னுடுதுன்னா பெரும்பாலும் கிளாம்ப். பழைய ஸ்பிரிங் கிளாம்ப்ல பிடி போயிடும், ஹோஸ் வாயில பச்சையாவோ வெள்ளையாவோ உப்பு காஞ்சு நிக்கும். அத மாத்துறது நீங்களே பண்ணலாம், ஸ்க்ரூ கிளாம்ப் சரியான சைஸ்ல வாங்கி போடுங்க, ஹோஸ் ரப்பர்ல கோடு விழற அளவுக்கு முறுக்காதீங்க. ஹோஸ அமுக்கிப் பாத்து கல்லு மாதிரி இருந்தாலோ கொழகொழன்னு இருந்தாலோ ஹோஸையே மாத்துங்க, இத்தன வருஷம் பழைய ரப்பருக்கு புது கிளாம்ப் போட்டு பிரயோஜனம் இல்ல. கூலன்ட் வடிக்கிற டிரெயின் போல்ட்ல ஒழுகினா வாஷர் மாத்தினா போதும். இன்ஜின்ல இருக்கிற சின்ன போல்ட் எல்லாம் அலுமினியத்துல இறங்கியிருக்கு, நீட்டு ராடு வச்சு முறுக்கினா மரை போயிடும், அப்புறம் அது தனிச் செலவு.

ரேடியேட்டர்லயே ஓட்டைன்னா கார் ரேடியேட்டர் கடைக்கு தூக்கிட்டு ஓடாதீங்க. பழைய பித்தளை ரேடியேட்டருக்கு ஈயம் வச்சு அடைப்பாங்க, உங்களது அலுமினியம், அந்த ஈயம் இதுல பிடிக்காது. ஆர்கான் வெல்டிங் பண்ற ஆள் கிட்ட போங்க.

இப்ப வாட்டர் பம்ப். உங்களுக்கு இதுவாதான் இருக்கும்னு என் கணிப்பு. பம்ப் வலது பக்கம் இருக்கு. உள்ள ரெண்டு சீல், ஒண்ணு கூலன்ட நிறுத்த, இன்னொண்ணு ஆயில நிறுத்த. ரெண்டுக்கும் நடுவுல இருந்து கீழ ஒரு சின்ன ஓட்டை வெளிய வரும், வீப் ஹோல்னு சொல்வாங்க. கம்பெனிக்காரன் மறந்து போய் விட்ட ஓட்டை இல்ல அது, சீல் போயிடுச்சுன்னு உங்களுக்கு தெரியப்படுத்தணும்னே வச்சது. அதுல கூலன்ட் வந்தா மெக்கானிக்கல் சீல் போச்சு, ஆயில் வந்தா ஆயில் சீல் போச்சு.

நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கன்னா அந்த ஓட்டையில எம்-சீல் வச்சு அடைச்சுடறாங்க! அஞ்சு நிமிஷ வேலை, முன்னூறு ரூபா, சொட்டு நின்னுடும், கஸ்டமரும் சந்தோஷமா போயிடுவார். வெளிய போக வழியில்லாத கூலன்ட் அடுத்து எங்க போகும்? ஆயில் சீல தாண்டி நேரா ஆயில்லதான். ரெண்டு மாசத்துல பேரிங்ல இருந்து கிளட்ச் பிளேட் வரைக்கும் எல்லாம் போய் நிக்கும். செகண்ட் ஹேண்ட் வண்டிதானே உங்களது, முன்னாடி வச்சிருந்தவர் அடைச்சு வச்சிருக்காரான்னு டார்ச் அடிச்சு பாருங்க, அடைச்சிருந்தா ஒரு சின்ன கம்பியால சுரண்டி எடுத்துடுங்க.

மெக்கானிக்கல் சீல் மாத்துறத நீங்க வீட்ல பண்ணாதீங்க. ஆயில் வடிக்கணும், கிளட்ச் பக்க கவர கழட்டணும், புது கேஸ்கெட் வேணும், சீல நேரா அழுத்தி இறக்கணும், சுத்தியலால தட்டினா அதோட முகம் விரிசல் விட்டு மறுநாளே ஒழுகும். இது தெரிஞ்ச ஆள் கிட்ட அரை நாள் வேலை. ஆனா பார்ட்ஸ நீங்களே வாங்கிக் குடுங்க. எந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரா இருந்தாலும் பழைய மாடல்னு சொன்னாலே முகம் மாறுது, சீல் மட்டும் கேட்டா கவரோட சேத்து அசெம்பிளியாதான் வரும், 15 நாள் ஆகும், அட்வான்ஸ் கட்டுங்கன்னு ஒரே பாட்டு. கேட்டலாக்ல தனி பார்ட் நம்பர் இருக்கான்னு காட்டச் சொல்லுங்க, அங்கயே பாதி பேர் இறங்கி வருவாங்க. வண்டிய விக்கும்போது பத்து வருஷத்துக்கு மேல உழைக்கும்னு சொல்றவங்க, பத்து வருஷம் கழிச்சு சின்னதா ஒரு சீல் கேட்டா நம்மள ஏதோ தப்பு பண்ணவன் மாதிரி பாக்கிறது என்ன நியாயமோ. சென்னையில ஆள் இருந்தா ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல கேக்க சொல்லுங்க, பேக்கிங்கும் எம்ஆர்பி ஸ்டிக்கரும் பாத்து வாங்கணும். பழைய பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டையில ஃபேரிங் வாங்குங்க, பழைய சீல் வாங்காதீங்க.

ஸ்டாப் லீக் வேண்டவே வேண்டாம். உங்க ரேடியேட்டர் டியூப் ரொம்ப சன்னம், ஒழுகுற இடத்த அடைக்கிறதோ இல்லையோ அத அடைச்சுடும். அதே மாதிரி "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு"ன்னு கழட்டிப் போடற கும்பல் ஒண்ணு இருக்கு. இன்ஜின் சூடாகுற வரைக்கும் கூலன்ட ரேடியேட்டருக்கு விடாம நிறுத்தி வைக்கிற வால்வு அது. கழட்டினா இன்ஜின் சரியான சூட்டுக்கு வராம இன்னும் ஆறியே இருக்குன்னு நினைச்சு ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பெட்ரோல கூட ஊத்தும், மைலேஜ் போச்சுன்னு அதுக்கு ஒரு தடவ அதே கடைக்கு போவீங்க.

ஒழுகல் நிக்கிற வரைக்கும் லெவல் பாக்காம வண்டிய எடுக்காதீங்க. ஆர்15-ல டயாசில் சிலிண்டர், அதாவது முழுக்க அலுமினியக் கலவையில வார்த்தது, உள்ள தனி லைனர் கிடையாது, சூடாகி கோடு விழுந்தா மத்த வண்டி மாதிரி போரிங் போட முடியாது, மொத்த பிளாக்கையும் மாத்தணும். டெம்பரேச்சர் லைட் எரிஞ்சா அங்கயே ஓரம் கட்டுங்க, வீடு ரெண்டு தெருதான்னு ஓட்டாதீங்க.

எல்லாம் முடிச்சு ஊத்தும்போது ரெடி மிக்ஸ் கூலன்ட் வாங்குங்க, சிலிகேட் இல்லாததுன்னு போட்டிருந்தா நல்லது, சிலிகேட் பம்ப் சீல தேய்க்கும். கலர பாத்து வாங்காதீங்க, பச்சை சிவப்பு எல்லாம் சாயம்தான். கான்சன்ட்ரேட் குடுத்தாங்கன்னா பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்தான் கலக்கணும், போர் தண்ணி ஊத்தினா உள்ள உப்பு படிஞ்சு ரேடியேட்டர் போகும். ரேடியேட்டர் மூடி திறந்தபடியே மெதுவா ஊத்தி, ஸ்டார்ட் பண்ணி, ஹோஸ லேசா அமுக்கி விட்டு, குமிழி வர்றது நிக்கிற வரைக்கும் லெவல் இறங்க இறங்க ஊத்துங்க, அப்புறம் மூடுங்க. காத்து மாட்டிக்கிட்டா கூலன்ட் நிறைய இருந்தும் லைட் எரியும், அதப் பாத்துட்டு மறுபடி ஹெட் கேஸ்கெட்னு யாராவது ஆரம்பிப்பாங்க. மறுநாள் காலையில வண்டி ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்க் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கான்னு பாத்துக்கோங்க, ஃபுல் கோட்ட தாண்டி ஊத்தினா சூடானதும் டியூப் வழியா வெளிய தள்ளும், அத லீக்குன்னு நினைச்சு மறுபடி ஃபேரிங்க கழட்டாதீங்க.

வடிச்ச பழைய கூலன்ட தெருவுல ஊத்தாதீங்க, அதுல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், நாய் பூனை நக்கினா செத்துடும். தண்ணி பாட்டில்லயும் ஊத்தி வைக்காதீங்க, பச்சையா ஜூஸ் மாதிரி இருக்கிறத வீட்ல இருக்கிற குழந்தை குடிச்சுடும், ஆயில் கேன்ல ஊத்தி மேல எழுதி ஒட்டி, ஆயில் மாத்தும்போது கடையில குடுத்துடுங்க.